குறியும் நெறியும்

பாடசாலைகளும் இலக்கிய மன்றங்களும் வாசிகசாலைகளும் தத்தமக்கென இணையத்தளமும் கைத்தொலைபேசிச் செயலியும் அமைத்துக்கொள்ளும் காலம் இது. முன்னர்க் கையெழுத்துச் சஞ்சிகை நடத்திய மாணவர் இன்று திரையிலே சஞ்சிகை நடத்துகின்றனர். மகிழத்தக்க மாற்றமே. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த தமிழ் அச்சிலிருந்து திரைக்கு வருவதை வரவேற்காத தமிழாசிரியன் காலத்தோடு பிணங்கி நிற்பவனாவான். ஆயினும் இத்தளங்களை அமைத்துத் தருவோர் அவற்றினுள்ளே வைத்துத் தரும் ஒரு பொருளைப்பற்றி நம் இலக்கிய வட்டாரங்களில் எவரும் வாய்திறந்து பேசக் காணேன். அப்பொருள் குறி. படிப்பவர் கண்ணுக்குப் புலனாகாது பக்கத்தினுள்ளே மறைந்து கிடந்து, அவர் செய்வனவற்றைக் குறித்துப் பிறிதோரிடத்துக்கு அனுப்பும் சிறு கட்டளைத் தொடர் அது. ஆங்கிலத்தில் அதனை 'டாக்' என்பர்.

குறி என்னும் சொல் எம்மவர்க்குப் புதிதன்று. யான் வாழும் பனிச்சங்கேணியிலும், வாகரை முதலிய அயலூர்களிலும், மட்டக்களப்பு நாட்டின் ஏனைய மேய்ச்சல் நிலங்களிலும் மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. குடிக்கு ஒரு குறி, உரியவர் பெயருக்கு ஒரு குறி என இட்டு வைப்பர். பட்டிக்கு வந்த மாட்டின் குறியைக் கண்டமாத்திரத்தே இன்ன குடியைச் சேர்ந்த இன்னாருடையது எனச் சொல்லவல்ல முதியோர் இன்றும் உளர். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் குறியிடுதலையும் பதிவையும் ஒழுங்குபடுத்திற்று. இக்குறிக்கு மூன்று இயல்புகள் உள. அது கண்டார் யாவர்க்கும் தெரியும். இட்டவர் யாரென்பது தெரியும். எதற்காக இட்டார் என்பதும் தெரியும். இணையக் குறிக்கோ இம்மூன்றனுள் ஒன்றும் இல்லை. மாட்டுக்கு இடும் குறியில் உள்ள வெளிப்படை, மனிதர்க்கு இடும் குறியில் இல்லாதிருத்தல் முறையோ என்பதே இங்கு யான் எழுப்பும் வினா.

முதற்கண் அதன் தொழிற்பாட்டை அறிந்துகொள்வோம். ஒரு தளத்தின் பக்கத்தை நாம் திறக்கும்போது அதன் எழுத்தும் படமும் மாத்திரம் நம் கருவிக்கு வருவதில்லை. கூடவே குறியும் வருகின்றது. வந்ததும் அது தொழிற்பட்டு, திறந்த பக்கத்தின் முகவரி, திறந்த நேரம், கருவியின் வகை, அதன் மொழி, திரையின் அளவு முதலியவற்றைப் பெரும்பாலும் மூன்றாமவர் ஒருவருடைய கணினிக்கு அனுப்புகின்றது. அனுப்பும்போதே நம் இணைய இணைப்பின் எண்ணும் அவர்க்குப் புலனாகின்றது. அதனைக்கொண்டு ஊரையோ மாவட்டத்தையோ ஏறத்தாழ உய்த்துணரலாம். முன்பு வந்தவரே மீண்டும் வந்தார் என அறிதற்குக் 'குக்கி' எனப்படும் சிறு அடையாளத் துண்டொன்று நம் கருவியில் வைக்கப்படுகின்றது. அதனை 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்பார் ஆக்கினார். கடையில் தெரிவுசெய்த பொருளைத் தளம் மறவாதிருத்தல் போன்ற நல்ல நோக்கத்துக்கு உதவிய அப்பொருள், பின்னர் ஒருவரைத் தளந்தோறும் பின்தொடர்வதற்கும் பயன்படலாயிற்று. 2005 நவம்பரில் கூகிள் நிறுவனம் 'அனலிட்டிக்ஸ்' என்னும் கணிப்புக் கருவியை விலையின்றி வழங்கத் தொடங்கியது. 2012இல் குறிகளை ஓரிடத்திலிருந்தே சேர்க்கவும் நீக்கவும் 'டாக் மனேஜர்' என்பதையும் தந்தது. நிரல் எழுத அறியாதவரும் குறி சேர்க்கத்தக்க காலம் அதனோடு வந்தது. கைத்தொலைபேசிச் செயலிகளில் இதே வேலையை, செயலிக்குள் பொதிந்து வைக்கப்படும் ஆயத்த நிரற்றொகுதிகள் செய்கின்றன.

இக்குறிகளைப் பொதுக்குறி, சிறப்புக்குறி என இருவகையாகப் பகுக்கலாம். கருவியை இணைத்த மாத்திரத்தே தானாக வந்து சேர்வது பொதுக்குறி. தளத்தை நடத்துவோர் இன்னதை அறிய வேண்டும் என எண்ணி, தாமே பெயரிட்டுச் சேர்ப்பது சிறப்புக்குறி. 'பக்கம் திறக்கப்பட்டது' என்பது முன்னதற்கு உதாரணம். 'கவிதை இறுதிவரை படிக்கப்பட்டது', 'பாட்டின் ஒலி பாதியில் நிறுத்தப்பட்டது', 'வினாவுக்கு இட்ட விடை இருமுறை மாற்றப்பட்டது' என்பன பின்னதற்கு உதாரணங்கள். பொதுக்குறி வாயிலில் நின்று தலைகளை எண்ணுகின்றது. சிறப்புக்குறி படிப்பவர் தோளுக்குப் பின்னால் நின்று அவர் கை செல்லும் வரியைப் பார்க்கின்றது. ஆதலின் சிறப்புக்குறியைச் சேர்ப்பவர், 'கருவி அவ்வாறு அமைந்துவிட்டது, யான் என் செய்வேன்' எனச் சொல்ல இயலாது. பெயரிட்டவர் அவரே, பொறுப்பும் அவரதே.

தமிழிலக்கணம் கற்றார்க்கு இதன் இயல்பை விளக்குதல் எளிது. வினைச்சொல் ஒன்று ஆறு பொருள்களை உணர்த்தும் எனப் பவணந்தியார் நன்னூலில் வகுத்தார். 'மாணவி இரவில் தன் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியால் கதையைப் படித்தாள்' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்க. படித்தலாகிய தொழில், படித்தவள், படிக்கப்பட்ட கதை, படித்த பொழுது, படித்த இடம், படிக்க உதவிய கருவி ஆகிய ஆறும் அதில் அமைந்துள்ளன. சிறப்புக்குறியும் இவ்வாறையுமே நாடுகின்றது. 2023 ஜூலையில் கூகிள் தன் பழைய கணிப்புமுறையை நிறுத்திப் புதியதற்கு மாறியபோது, பக்கம் திறத்தல் முதலாக எல்லாவற்றையும் நிகழ்வு என ஒரே இனமாகக் கொண்டது. எனவே இவற்றை 'வினைக்குறி' எனத் தமிழில் வழங்கலாம் என்பது என் கருத்து. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வாக்கியத்தில் எழுவாய் தோன்றாது நிற்றல் கூடும். வினைக்குறியில் வினைமுதல் முற்றாக மறைவதில்லை. பெயர் இல்லாவிடினும் எண்ணொன்று அவ்விடத்தே நிற்கும். அவ்வெண்ணே ஒருவருடைய பல நாள் வினைகளை ஒரு நூலிற் கோக்கின்றது.

குறிகள் அனைத்தும் தீயன என யான் சொல்ல வரவில்லை. பாடமொன்றை நூறு மாணவர் தொடங்கி, மூன்றாம் பக்கத்திலே எண்பதின்மர் விட்டுச் செல்வராயின், பிழை மாணவரிடத்தன்று, அப்பக்கத்தில் என்பதை ஆசிரியன் அறிந்து திருத்தலாம். நாட்டார் பாடற் றொகுதியில் எப்பாட்டு மிகுதியாகக் கேட்கப்படுகின்றது என அறிந்தால் அவ்வகையில் மேலும் திரட்டலாம். வாசிகசாலையில் இரவற் பதிவேடு வைத்தல் குற்றமன்றே. எண்ணிப் பாராத தொண்டு இருளிற் செய்த தொண்டாகவும் முடியலாம். ஆயின் எண்ணுதல் என்ற பெயரால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதே ஆராயத்தக்கது.

மேல்நாட்டில் நிகழ்ந்த இரண்டு வழக்குகளை நோக்குக. 'புளோ' என்பது பெண்கள் தம் மாதவிலக்கையும் கருவுறுதலையும் குறித்துவைக்கும் செயலி. அதனை ஆக்கியோர் தாமே பெயரிட்ட வினைக்குறிகளைச் சேர்த்திருந்தனர். அவற்றுள் ஒன்றன் பெயர், கருப்பத்தின் வாரம் தெரிவுசெய்யப்பட்டது என்னும் பொருளுடையது. அக்குறிகள் பேஸ்புக், கூகிள் முதலிய நிறுவனங்களுக்குச் சென்றன. தகவலை இரகசியமாக வைத்திருப்போம் என்று உறுதியளித்துவிட்டு இவ்வாறு செய்தமைக்காக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்கெடுத்து, 2021இல் அந்நிறுவனத்தை இணக்கத்துக்குக் கொணர்ந்தது. இதே விடயத்தில் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் சட்டத்தை மீறியதெனக் கலிபோர்னியாவில் யூரிமார் 2025 ஓகஸ்டில் தீர்ப்பளித்தனர். மலிவு விலையில் மருந்து பெற உதவும் 'குட்ஆர்எக்ஸ்' என்னும் தளம், தான் தேடப்பட்ட மருந்தின் பெயரை இத்தகைய குறிகள் வாயிலாகப் பிறர்க்கு அறிவித்தமையால், 2023 பெப்ரவரியில் 15 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. இவ்விரண்டிலும் எவரும் பூட்டை உடைத்துக் களவு செய்யவில்லை. அலுவலகத்தில் அமர்ந்து ஒருவர் ஒரு குறிக்குப் பெயரிட்டார், அவ்வளவே. அப்பெயரே ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் பறைசாற்றும் அறிவிப்பாயிற்று.

கல்வித்துறையும் இதற்கு விலக்கன்று. இந்திய மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'தீக்ஷா' என்னும் தளத்தோடு தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018 முதல் கட்டக்குறியீடுகளால் இணைக்கப்பட்டன. தொற்றுநோய்க் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த நூற்றுக்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து, 2022 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்கு அண்மையானவை சிறுவர் உரிமைக்கு ஊறு செய்தன அல்லது செய்யக்கூடிய நிலையில் இருந்தன என்பது அதன் முடிபு. சிறுவரின் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சேகரிக்க வல்லதாகவும் கூகிளுக்குத் தரவு அனுப்புவதாகவும் சுட்டப்பட்டவற்றுள் தீக்ஷாவும் ஒன்று. அதே தளத்தின் மாணவர், ஆசிரியர் பலருடைய விவரங்கள் காப்பில்லாத சேமிப்பகத்தில் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்தன என்ற செய்தியும் 2023 ஜனவரியில் வெளியாயிற்று. திரட்டாத தகவல் கசியாது. திரட்டியதைக் காப்பேன் என எவர் எவ்வளவு உறுதியளிப்பினும், காத்தலிலும் திரட்டாமையே வலிய காவல்.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். கிழக்கிலே, சிறப்பாக எம் களப்போர ஊர்களிலே, ஒரு கைத்தொலைபேசி ஒருவருக்கே உரியதென்று கொள்ளுதல் பொருந்தாது. பகலில் தந்தையின் கையில் மீன் விலை கேட்கும் கருவியே, மாலையில் மகளின் கையில் பாடநூலாகவும் இரவில் தாயின் கையில் வெளிநாட்டிலுள்ள உறவினரின் முகமாகவும் மாறும். குறியோ இவர்கள் மூவரையும் ஒருவராகவே எண்ணும். ஆதலின் கணக்கும் பிழைபடும். அதனினும் கொடியது, மகள் தேடிப் படித்த பொருளைத் தழுவிய விளம்பரம் தந்தையின் கண்முன் தோன்றக்கூடுமென்பது. தனிமையிற் படித்தல் என்பது, வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைக்குக் கிடைத்த ஒரே அறை. அவ்வறைக்கும் சாளரம் வைத்தல் ஆகாது. அன்றியும் முற்பணம் கட்டி வாங்கிய தரவிலே ஒரு பகுதியை இக்குறிகள் உண்கின்றன. குறியின் கூலியையும் குறிக்கப்படுபவரே கொடுக்கின்றார்.

பட்டியல் என்றால் யாதென்று எம் பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்து போரால் இடம்பெயர்ந்தோர், ஒரு தாளிலே தம் பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்துணைப் பாரதூரமானவை என அறிவர். நூலும் கவிதையும் ஐயத்துக்கு உள்ளான நாடு இது. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமாகிய அஹ்னாஃப் ஜஸீம், 2017இல் வெளியிட்ட 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதியின் பொருட்டு, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசெம்பரிலேயே பிணை பெற்றார். 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. எழுதியவருக்கு நேர்ந்தது இது. அந்நூலை யார், எப்பொழுது, எவ்வூரிலிருந்து, எத்தனை நிமிடம் படித்தார் என்னும் கணக்கு ஒரு தளத்திலே இருந்திருக்குமாயின், அக்கணக்கு யார் கையிற் போய் முடிந்திருக்கும்? அச்சு நூலை வாங்கியவர் அதனைத் தலையணையின் கீழ் வைத்துப் படித்திருக்கலாம். திரையிற் படிப்பவர்க்கு அவ்வளவேனும் மறைவு வேண்டாவோ?

சட்டம் இல்லாமல் இல்லை. இலங்கைப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. அறிவித்த நோக்கத்துக்கே தரவைப் பயன்படுத்தல், வேண்டிய அளவே திரட்டல், வேண்டிய காலம் மட்டும் வைத்திருத்தல் என்பன அதன் நெறிகள். சிறுவர் பற்றிய தரவு சிறப்பு வகையைச் சேர்ந்ததெனவும் அது கூறுகின்றது. ஆயின் அதன் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருமென்றிருந்து பிற்போடப்பட்டன. அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமும் நிறைவேறியது. இந்தியா 2023இல் இயற்றிய சட்டமோ ஒரு படி மேலே சென்று, இணக்கம் கேட்கும் அறிவித்தலைத் தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகளிலும் படித்தறிய வாய்ப்பளிக்க வேண்டும் என விதித்தது. சில விலக்குகளோடு, சிறுவரைப் பின்தொடர்ந்து நோக்குதலையும் தடுத்தது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நம் நாட்டில், தமிழில் எழுதப்பட்ட தளம் தமிழ் வாசகரிடம் ஆங்கிலத்தில் இணக்கம் கேட்பது நகைப்புக்கிடமானது. புரியாத மொழியிற் கேட்டுப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. 'ஏற்கிறேன்' என்பதற்குப் பெரிய பொத்தானும் 'மறுக்கிறேன்' என்பதற்கு நாலு பக்கப் பயணமும் வைத்தலும் அத்தகையதே. ஏற்பதுபோல மறுத்தலும் எளிதாக அமையவில்லை என்பதற்காகப் பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

சட்டம் முழுமையாக வரும்வரை காத்திராது நாமே மேற்கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. பெயரைத் தமிழிற் சொல்லி, வாசகர் முகம் பார்த்துக் காரணம் கூற இயலாத வினைக்குறியைச் சேர்க்கலாகாது. இதுவே யான் முன்வைக்கும் அளவுகோல். அண்மையில் அயலூர் வாசகர் குழுவொன்று, நாட்டார் பாடல்களையும் மாணவர் ஆக்கங்களையும் தளத்தில் ஏற்ற முற்பட்டது. தளம் அமைத்தவர் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு சிறப்புக்குறிகளை அவர்கள் என்னிடம் காட்டினர். அவை யாவும் ஆங்கிலச் சுருக்கப் பெயர்களாயிருந்தன. ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி வரச் சொன்னேன். 'பாட்டு இறுதிவரை கேட்கப்பட்டது', 'பாடம் பாதியில் விடப்பட்டது', 'பிழை சுட்டப்பட்டது', 'பக்கம் அச்சிடப்பட்டது' என நான்கும் தயக்கமின்றி வந்தன. 'தேடற் கட்டத்தில் எழுதிய சொல் அப்படியே அனுப்பப்படும்' என்பதை எழுதியபோது கை தயங்கிற்று. 'மாணவரின் பெயர் பக்க முகவரியோடு சேர்ந்து செல்லும்' என்பதை எழுதியவுடன் அவர்களே அதனை அடித்துவிட்டனர். ஈற்றில் எஞ்சியவை அந்நான்குமே. மொழிபெயர்ப்புப் பயிற்சி இத்தகைய நற்பயனும் தருமென்பதை அன்று கண்டேன்.

இவ்வளவுகோலின் வழியே வேறு சில கடமைகளும் பிறக்கும். எண்ணிக்கையைக் கொண்டு யாது செய்யப்போகின்றோம் என்பதை முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். ஒன்றும் செய்யாவிடின் அக்குறி வேண்டுவதில்லை. சேர்த்த குறிகளின் பட்டியலைத் தமிழில் எழுதித் தளத்திலேயே யாவரும் காண வைத்தல் வேண்டும். தேடற் சொல், பெயர், மின்னஞ்சல் ஆகியன குறியோடு செல்லாதவாறு தடுத்தல் வேண்டும்; தனியாளை இனங்காட்டும் விவரத்தை அனுப்பலாகாதெனக் கூகிளின் விதியே சொல்கின்றது. தரவை அழிக்கும் காலத்தைக் குறித்தல் வேண்டும், கூகிளின் விலையில்லாக் கருவியில் தனியாளுக்குரிய தரவை வைத்திருக்க 2 மாதம், 14 மாதம் என இரு தெரிவுகள் உள, குறைந்ததையே கொள்க. இயலுமாயின் 'மட்டோமோ' போன்ற கட்டற்ற மென்பொருளைத் தம் சொந்தக் கணினியில் நிறுவி, கணக்கு மூன்றாமவர் கைக்குச் செல்லாதவாறு காத்தல் நன்று.

'எங்களுடையது சிறு தளம். நாளொன்றுக்கு நாற்பதின்மர் வருவர். இத்துணைக் கவலை எதற்கு?' என்பார் உளர். அன்பர்களே, சிறு தளம் என்பதாலேயே கவலை மிகும். கோடிப் பேர் வரும் தளத்தில் ஒருவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார். நாற்பதின்மர் வரும் தளத்தில், பனிச்சங்கேணியிலிருந்து இரவு பதினொரு மணிக்கு இக்கவிதையைப் படித்தவர் யாரென்பதைச் சொல்ல ஊரார்க்கு எண்ணும் வேண்டா, குறியும் வேண்டா; ஊகமே போதும்.

கலைச்சொல்லாக்கப் பணியிலே முன்னின்று உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த நாடு இது. புதிய பொருளுக்குத் தமிழ்ப் பெயர் இடுதல், அப்பொருளை நாம் உள்ளவாறு அறிந்தோம் என்பதற்கு அடையாளம். ஆங்கிலப் பெயரின் நிழலிலே கிடக்கும்வரை குறி வெறும் தொழில்நுட்பமாகத் தோன்றும். தமிழிற் பெயர் சொன்னவுடன் அது செய்யும் வேலை வெளிப்பட்டுவிடும். ஆதலின் பாடசாலை அதிபர்களும் மன்றச் செயலாளர்களும் தத்தம் தளத்தை அமைத்தோரை அழைத்து, அதனுள் இருக்கும் குறிகளின் பட்டியலைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்பார்களாக. எழுதித் தர மறுக்கப்படும் குறி எதுவோ, முதலில் நீக்க வேண்டியது அதுவே.